கங்கைச் சொம்பு

ராமலிங்கம் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். எழுபது வயது. பங்காளிகளில் மூத்தவர். பிள்ளையார்பாளையத்தில் எந்தப் பஞ்சாயத்து கூடினாலும் முதல் வெற்றிலை அவருக்குத்தான். தில்லையம்மாள் முதலில் அவர் வாயை மோந்து பார்த்தாள். பிறகு இடுப்பைச் சுற்றித் தடவினாள். பிறகு வெற்றிலைப் பையைப் பிடுங்கி உதறினாள். பாக்குவெட்டி விழுந்தது, சுண்ணாம்பு டப்பி விழுந்தது, கடைசியாக இருமல் மருந்து சீசா ஒன்று விழுந்து உருண்டது.

“எனக்கு இருமல்மா,” என்றார் ராமலிங்கம்.

தில்லையம்மாள் குனிந்து சீசாவை எடுத்தாள். தக்கையைத் திருகி எடுத்து, அவர் கண் முன்னாலேயே சாக்கடையில் கவிழ்த்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது சீசா. எதிர்வீட்டுச் சேவல் அந்த இடத்தை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

“உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடுங்க மாமா. கட்டில் பக்கம் கை போவக்கூடாது.”

உள்ளே அவள் புருஷன் வீரபத்திரன் செத்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து, பேச்சு போய், இன்றோடு மூன்று நாள். டாக்டர் நேற்றே கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மூச்சு மட்டும் போகவில்லை. கர்ர்ரென்று இழுத்து, நின்று, எல்லோரும் வாயைப் பொத்தி அழத் தயாராகும் நேரத்தில் மறுபடி கர்ர்ரென்று இழுத்தது.

இப்படி இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிருக்கு ஏதோ ஓர் ஆசை பாக்கியிருக்கிறது என்பது தெருவின் தீர்ப்பு. அதைக் கண்டுபிடித்து வாயில் ஊற்றிவிட்டால் உயிர் பேசாமல் கிளம்பிவிடும். முதலில் பால் ஊற்றிப் பார்த்தார்கள். பிறகு மோதிரத்தைக் கல்லில் உரசிப் பொன் கலந்த நீர். அதற்கும் மசியவில்லை என்றதும், மண்ணாசை என்று முடிவாகி, தாமல் ஏரிக்கரையிலிருந்து அவருடைய பூர்வீக நிலத்து மண்ணைக் கொண்டுவர சைக்கிளில் ஆள் போனான். அந்த நிலத்தை வீரபத்திரன் குடித்தே தீர்த்துப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. இப்போதைய சொந்தக்காரர், இதனால் நிலத்தில் எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தார். கரைத்து ஊற்றிய மண் கடைவாய் வழியாக வெளியே வந்து தலையணையில் சேறாயிற்று.

பாலும் பொன்னும் மண்ணும் இல்லையென்றால் மிச்சம் என்ன என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் வீரபத்திரனின் தம்பி கோதண்டபாணி. சொன்ன கையோடு தில்லையம்மாளிடம் ஓர் அறையும் வாங்கினான். அப்போதிலிருந்துதான் வாசலில் இந்தச் சோதனை.

தெருவுக்கு அவசரம் இருந்தது. உயிர் பிரிகிற வீட்டுப் பக்கத்தில் தறி அடிக்கக்கூடாது. சத்தம் கேட்டால் கிளம்பின உயிர் திரும்பி உள்ளே போய்விடும் என்பார்கள். எனவே தெருவின் இரண்டு பக்கத்திலும் பதினாறு தறிகள் நின்றுபோயின. முதல் நாள் அத்தனை பேரும் கண்ணில் நீரோடுதான் நிறுத்தினார்கள். இரண்டாம் நாள், ஆவணி முகூர்த்தத்துக்கு எத்தனை சேலை பாக்கி என்று விரலை மடக்கினார்கள். மூன்றாம் நாள், “பாவம், ஏன் அவரை இப்படி வதைக்கணும்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். கருணை என்பது தறி நின்ற மூன்றாம் நாளில் எப்படிப் பெருக்கெடுக்கிறது என்று தில்லையம்மாள் வாசலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவர்களில் ஒருவருக்கும் அந்தக் கருணை இல்லை. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. சாராயம் பாலாற்றுப் படுகையிலிருந்து சைக்கிள் டியூபில் அடைத்து, இடுப்பில் சுற்றி ஊருக்குள் வரும். வந்த டியூபில் முதல் டியூப் வீரபத்திரனுக்கு. குடிக்காத நேரத்தில் அவரைப்போல் மாங்காய் பார்டர் நெய்ய ஆள் கிடையாது. குடித்த நேரத்தில் அவரைப்போல் உதைக்கவும் ஆள் கிடையாது. அவள் இடது மணிக்கட்டு ஒடிந்து, கோணலாகவே கூடியது. மகள் லோகாம்பாள், அப்பா செருப்புச் சத்தம் கேட்டதும் நெல் குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் தம்பியை நோக்கி எறிந்த தறி நாடா, ஊடை நூலை ஓட்டுகிற, இரண்டு முனையிலும் இரும்புக் குப்பி போட்ட நாடா, தில்லையம்மாளின் புருவத்தைப் பிளந்தது. தையல் மூன்று.

தையல் பிரித்த அன்று மத்தியானம் அவர் தள்ளாடிக்கொண்டே வந்து தறிக்குழியில் காலைப் போட்டு உட்கார்ந்தார். அப்படியே தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூலின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். தில்லையம்மாள் கட்டில் கயிற்றை அவிழ்த்தாள். குழிக்குள் இறங்கி, இரண்டு காலையும் மிதிக்கட்டையோடு சேர்த்துக் கட்டினாள். தொடையின் மேல் குறுக்காகப் பலகை, பலகையின் மேல் அம்மிக்கல். கையைப் பின்னால் இழுத்துத் தூணோடு முடிந்தாள். ஒன்பது நாள் அவர் அந்தக் குழியில் இருந்தார். கத்தினார். அவளுடைய அம்மாவையும் அவள் அம்மாவின் அம்மாவையும் திட்டினார். பாவில் பாம்பு ஊர்கிறது என்று அலறினார். கஞ்சிக் கரண்டியைத் தலையால் முட்டித் தள்ளினார். அவள் அதே கரண்டியால் மண்டையில் ஒன்று வைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். ஏழாம் நாள் அழுதார். எட்டாம் நாள் மோர் கேட்டார். ஒன்பதாம் நாள் கையை அவிழ்த்துவிட்டபோது, குழியில் வேறு வேலை இல்லாததால் நெய்ய ஆரம்பித்தார்.

இந்த வைத்தியம் ஊருக்குத் தெரிந்த விதம் வேறு. ஆறாம் நாள், நகர மதுவிலக்குப் பிரசார சபைத் தலைவர் மாணிக்கவாசகம் உறுதிமொழிப் படிவத்தோடு வந்திருந்தார். கையெழுத்துப் போட வலது கையை அவிழ்க்க வேண்டியதாயிற்று. அவிழ்த்த கையால் வீரபத்திரன் முதலில் தலைவரின் கன்னத்தில் பளாரென்று விட்டார். பிறகுதான் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் வாலாஜாபாத்திலிருந்து திருமுக்கூடல் வரை, தலைவர் எத்தனை மேடையில் அதைச் சொல்லியிருப்பார். “என் சொற்கள் அவரது இதயத்தைத் தொட்டன. உணர்ச்சிப் பெருக்கில் அவர் என் கன்னத்தைத் தொட்டார்.” மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் வீரபத்திரன், “ஆமா,” என்பார். அவருடைய சொற்பொழிவு முழுவதும் அவ்வளவுதான்.

சபைக்கு அவர் ஒருவர்தான் தேறினார். மற்றவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே அந்தச் சந்தோஷத்தில் குடித்தார்கள். போன வருஷம் அரசாங்கமே சாராயக் கடையைத் திறந்துவிட்ட பிறகு சபைக்கு ஆள் வருவதே நின்றுபோனது. அப்போதும் வீரபத்திரன் கடை வாசல் வழியாகவே பூ வாங்கப் போய், கடை வாசல் வழியாகவே திரும்பி வந்தார்.

கடை திறந்த வாரத்தில் ஒரு நாள், தில்லையம்மாளிடம் ஒன்று சொன்னார். அவர் அப்பா சாகக் கிடந்தபோதும் உயிர் இப்படித்தான் இழுத்ததாம். ஒரு பாலாடை சாராயம் ஊற்றினார்களாம். அப்பா முகம் மலர்ந்து போனதாம். பதினாறு வயதில் பக்கத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், அதில் அப்படி என்ன இருக்கிறது என்று தனக்குத் தோன்ற ஆரம்பித்ததாம்.

“எனக்கு ஊத்த வுடாத தில்லை. நானே கேட்டாலும் வுடாத.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். அவள் அதில் அடித்துக் கொடுத்தாள்.

இப்போது வாசற்காவலை அடுத்த வீட்டுக் காந்தாவிடம் ஒப்படைத்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். ஓரிக்கையிலிருந்து வந்திருந்த லோகாம்பாள் அப்பாவின் மார்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையே தில்லையம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

“நைனா படுற பாடு பாக்க முடியலமா. ஒரு சொட்டு. யாரு பாக்கப் போறாங்க?”

“நான் பாக்கறேனே.”

“உன் பிடிவாதத்துக்கு அது மூச்சு இழுத்துக்கினு கிடக்கணுமா?”

குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்த பெண்ணா இப்படிக் கேட்கிறாள் என்று தில்லையம்மாள் நினைத்தாள். மகளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலருகே குனிந்து, அவர் காதோடு கேட்டாள்.

“இன்னாங்க. வேணுமா? வேணும்னா கண்ணை மூடுங்க.”

கண் மூடியது.

அவள் இன்னும் கிட்டக் குனிந்தாள். அப்போதுதான் அவர் இமையில் உட்கார்ந்திருந்த ஈயைப் பார்த்தாள். விரட்டிவிட்டு மறுபடி கேட்டாள். கண் திறந்தே இருந்தது. எதையும் பார்க்காமல் உத்திரத்தைப் பார்த்தது. மூன்றாவது முறை கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. பிடிவாதம் அவருடையதா, தன்னுடையதா என்று யோசித்தாள். பதினோரு வருஷமாக இரண்டும் ஒரே பாவில் ஓடியிருந்தன; இப்போது பிரித்துப் பார்க்க இழை கிடைக்கவில்லை.

மத்தியானம் மாணிக்கவாசகம் வந்தார். வெளுத்த கதர்ச் சட்டை, மடித்துப் போட்ட துண்டு, தங்க பிரேம் கண்ணாடி. கையில் செப்புச் சொம்பு. பின்னால் கோதண்டபாணி, இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு, வாயில் ஏலக்காய் மணக்க.

தலைவருக்கும் ஓர் அவசரம். அன்று மாலை ஐந்து மணிக்குக் கச்சபேஸ்வரர் கோயில் பக்கத்து மைதானத்தில் இரங்கற் கூட்டம். மைக் செட் வந்து இறங்கிவிட்டது. ‘நமது சபையின் ஒளிவிளக்கு வீரபத்திரனார் இன்று அமரரானார்’ என்று தேதியோடு நோட்டீஸ் அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆயிற்று. ஒளிவிளக்கு மட்டும் இன்னும் அணையவில்லை.

“தாயே, இது காசியிலிருந்து வந்த கங்கை,” என்றார், வீட்டுக்குள்ளும் மேடைத் தமிழில். “என் தாயாரின் இறுதிக்கென்று வைத்திருந்தேன். நம்முடைய வீரபத்திரனாருக்குத் தருகிறேன்.”

சோதனை போட நீண்ட கையைத் தில்லையம்மாள் இறக்கிக்கொண்டாள். கங்கை. அதைத்தான் கேட்டுக் கிடந்தாரோ? யாருக்குமே தோன்றாமல் போயிற்றே. கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டாள். கோதண்டபாணியும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தான். பின்னாலேயே ராமலிங்கமும், தறி நின்ற தெருவில் பாதிப் பேரும் வந்தார்கள்.

மாணிக்கவாசகம் பாலாடையில் சொம்பைச் சரித்தார்.

வாசனை அறை முழுக்க எழுந்தது. தில்லையம்மாளின் மணிக்கட்டு, புருவம், முதுகு என்று அடிபட்ட இடமெல்லாம் அந்த வாசனையை அடையாளம் கண்டுகொண்டன.

“கங்கை இந்த நாத்தம் நாறுமா?” என்றாள்.

“இதை மருந்தென்று கொள்ள வேண்டும் தாயே,” என்றார் மாணிக்கவாசகம், ஓரடி பின்வாங்கி. “கொள்கை வேறு, கருணை—”

கருணை முடிவதற்குள் பாலாடை பறந்தது. கதர் நனைந்தது. அடுத்த அடி கண்ணாடிக்கு. தங்க பிரேம் ஒரு காதில் தொங்க, சபைத் தலைவர் தறிக்குழிக்குள் சரிந்து, பாவைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்து, பாவோடு சேர்ந்து மறுபடி உட்கார்ந்தார். சொம்பு கோதண்டபாணியின் கைக்குப் போய்விட்டது. தில்லையம்மாள் மூலையிலிருந்த உலக்கையை எடுத்து வீசினாள். அது குறி தவறி ராமலிங்கத்தின் தோளில் இறங்கியது. எழுபது வயதுப் பெரியவர் வாயில் வந்த வார்த்தையை அதுவரை எந்தப் பஞ்சாயத்தும் கேட்டதில்லை. அவர் எட்டி அவள் கொண்டையைப் பிடித்தார். அவள் அவர் வெற்றிலைப் பையாலேயே அவர் முகத்தில் அறைந்தாள். பின்னாலிருந்து யாரோ அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “வுடும்மா, வுடு!” என்றார்கள். முழங்கையைப் பின்னால் இடித்தாள். மெத்தென்று ஏதோ நசுங்கியது. திரும்பினால் லோகாம்பாள், மூக்கைப் பொத்திய விரல்களுக்கிடையில் ரத்தத்தோடு.

மகளை அவள் அதுவரை கை நீட்டித் தொட்டதில்லை. அவளுக்கு விழ இருந்ததையெல்லாம் குறுக்கே நின்று வாங்கியவள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டில் கேட்ட சத்தங்கள், பாத்திரம் உருள்வது, சேலை கிழிவது, தலை சுவரில் மோதுவது எல்லாம் ஒன்று விடாமல் திரும்பி வந்திருந்தன. அப்போதெல்லாம் சண்டையைத் தொடங்கிவைத்த ஆள் மட்டும் இந்தத் தடவை எதிலும் கலந்துகொள்ளாமல் கட்டிலில் கிடந்தார்.

அவள் மகளைப் பார்த்து நின்ற அந்த ஒரு நொடி கோதண்டபாணிக்குப் போதும். கட்டில் மேல் ஏறி, அண்ணன் மார்பில் முழங்காலை ஊன்றி, வலது கை விரலை வாய்க்குள் விட்டு நெம்பி, இடது கையால் சொம்பைக் கவிழ்த்தான். தில்லையம்மாள் அவன் முதுகில் பாய்ந்து விழுந்தாள். தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். வரமாட்டேன் என்றான். அப்புறம் பிலாக்கணம் மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு தானாகவே வந்தான். இரண்டு பேரும் உருண்டு தரையில் விழுந்தார்கள். கட்டில் கால் ஒன்று முறிந்தது.

அவள் அவன் மயிரைக் கொத்தாகப் பிடித்துத் தரையில் இரண்டு மோது மோதினாள். மூன்றாவதுக்குத் தூக்கியவள் நிறுத்தினாள். அவளோடு எல்லோரும் நிறுத்தினார்கள். அறையில் ஏதோ ஒன்று குறைந்தது.

கர்ர்ர் இல்லை.

மூன்று நாளாக எல்லோரும் காத்திருந்த அந்த மூச்சு, ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போய்விட்டிருந்தது.

முதலில் அழுதவன் கோதண்டபாணி. அழுகையினூடே சொன்னான்: “குடிச்சிட்டாருபா. தொண்டையில இறங்கிச்சு, நான் பாத்தேன். அண்ணன் சந்தோஷமா பூட்டாரு.” தெரு ஒரு பெருமூச்சு விட்டது. நாங்கள் சொன்னோம் அல்லவா என்கிற பெருமூச்சு. அவன் ஆள்காட்டி விரலிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்து, இது என்ன என்று ராமலிங்கம் கேட்டார். கோதண்டபாணி ஒரு கணம் கட்டிலைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “அண்ணி கடிச்சிட்டாங்க,” என்றான்.

தில்லையம்மாள் எதையும் மறுக்கவில்லை. தரையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் கொஞ்சம் மயிர் இருந்தது. கடைசியில் ஊற்றிவிட்டார்கள். பதினோரு வருஷமும் ஒரு மடக்கில் போயிற்று. நீட்டிய கையில் அடித்துக் கொடுத்தாளே, அந்த வார்த்தையும் போயிற்று. மாணிக்கவாசகத்தைக் குழியிலிருந்து நாலு பேர் தூக்கினார்கள். அவர் நூல் சிக்கிய பொத்தான்களைப் பிரித்தபடியே, கங்கை நீர் பருகி அமைதியாக உயிர் நீத்தார் என்று கூட்டத்தில் சொல்லலாமல்லவா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

காந்தா பழைய வேட்டியிலிருந்து விரலகலத்துக்கு ஒரு நீளத் துண்டு கிழித்துக்கொண்டு வந்தாள். உயிர் போனதும் தாடை தொங்கி வாய் பிளந்துகொள்ளும். மோவாயிலிருந்து உச்சந்தலைக்குச் சேர்த்துக் கட்டவேண்டும். கட்டிலில் குனிந்தவள், கட்டாமல் நிமிர்ந்தாள்.

“வேணாங்கா. வாய் தானாவே மூடிக்கினு இருக்குது. கல்லு மாதிரி.”

தில்லையம்மாள் எழுந்து வந்தாள். உண்மைதான். மூன்று நாளாகப் பாலும் மண்ணும் ஊற்றுவதற்கு வாகாக ஒருபக்கம் கோணித் திறந்திருந்த வாய். இப்போது தாடை எலும்பு துருத்த இறுக மூடியிருந்தது. அவர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவரோரமாகத் தலையணை சொதசொதவென்று நனைந்திருந்தது. சுவரில் ஈரம் வழிந்து, பாய் வரைக்கும் கோடு போட்டிருந்தது. குனிந்து மோந்தாள். சொம்பில் இருந்தது அத்தனையும் அங்கேதான் இருந்தது.

அவருடைய கீழுதட்டில் கொஞ்சம் ரத்தம். உதட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் காயம் எதுவும் இல்லை.

“போவும்போது நிம்மதியா போனாருக்கா. மனசைத் தேத்திக்கோ,” என்றாள் காந்தா.

“ம்,” என்றாள் தில்லையம்மாள். முந்தானையால் அந்த ரத்தத்தைத் துடைத்தாள். தலையணையைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் போட்டுவிட்டு வந்தாள். சொன்னால் தெரு நம்பாது. நம்பினாலும் மாணிக்கவாசகம் அதையும் மேடையில் சொல்வார்.

நாலு மணிக்குப் பாடை கட்டி முடிந்தது. பிள்ளை இல்லாததால் கொள்ளி வைக்கவேண்டியவன் கோதண்டபாணி. மொட்டையடித்து, ஈர வேட்டியோடு நின்றான். வாய்க்கரிசி போட அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். குனிந்து, மூன்று விரலால் அள்ளி, அண்ணன் உதட்டில் வைத்தான். அரிசி பல்லில் பட்டு உருண்டு கழுத்தடியில் விழுந்தது. மறுபடி வைத்தான், விழுந்தது. மூன்றாம் தடவை அழுத்தி வைத்தபோது, விரலின் ரத்தம் அரிசியில் பட்டுச் சிவந்தது. பின்னால் நின்றவர்கள், போதும் தள்ளு என்றார்கள். லோகாம்பாள் வீங்கிய மூக்கோடு அழுதபடி வந்து போட்டாள். அதுவும் உள்ளே போகவில்லை.

தூக்குகிறவர்கள் தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்கள். கோதண்டபாணி கொள்ளிச்சட்டியை எடுக்கக் குனிந்தான். விரலை மடக்க முடியாமல் சட்டி சாய்ந்தது.

“இங்க வா,” என்றாள் தில்லையம்மாள்.

தெரு விலகி வழிவிட்டது. அவன் இரண்டடி தள்ளியே நின்றான். அவள் அவன் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். சுற்றிவர, ஆழமாக, ஒரு பல்வரிசை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு காந்தா கட்டாமல் விட்ட துணியைத் தன் இடுப்பிலிருந்து எடுத்து, விரலில் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றினாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

“வலிக்குது அண்ணி,” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

“வலிக்கட்டும்.”

முடிச்சு போட்டாள். அதன்மேல் இன்னொரு முடிச்சு. மீந்த துணியை அறுக்க அக்கம்பக்கத்தில் எதுவும் கிடைக்காமல், அவன் கையை வாய்க்கருகே கொண்டுபோய்ப் பல்லால் கடித்து இழுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த ராமலிங்கம் ஓரடி பின்னால் நகர்ந்தார். கோதண்டபாணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.